டெல்லியிலிருந்து காரைக்குடிக்கு: வீடு பார்க்க உதவி வேண்டும்

காரைக்குடி நண்பர்களுக்கு வணக்கம். என் மனைவிக்கு உங்கள் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் பிறப்பதற்குள் குடிவர வேண்டும். அங்கே சொந்தபந்தம் யாரும் இல்லை.

முதல் கவலை வீடுதான். அம்மா வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். நிலைப்படி வந்தால் வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைப்பார்; பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டு முற்றத்து வெளிச்சத்தில் அவரை உட்கார வைக்க எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் அந்த உயரமான படிகள் அவருக்கு ஒத்துவராது. தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை இருந்தால் போதும். செக்காலை, சுப்பிரமணியபுரம், கழனிவாசல் பக்கம் வாடகையும் அட்வான்ஸும் எவ்வளவு கேட்கிறார்கள்? கோடையில் தண்ணீர் எப்படி?

மகள் ஒன்பதாம் வகுப்பு போகிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பொறுமையாகச் சொல்லித்தரும் ஆசிரியர் யாராவது இருக்கிறார்களா? வகுப்பில் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் ஸ்கூட்டர். 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓட்டினால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும், அதற்கு இங்கிருந்து தடையில்லாச் சான்றும் வேண்டும் என்பது தெரியும். இந்த அலைச்சலுக்கு இங்கேயே விற்றுவிடுவது மேலா? மாற்றியவர்கள் சொல்லுங்கள்.

வீடு பார்க்க அடுத்த மாதம் நான் மட்டும் வருகிறேன். சென்னையிலிருந்து பல்லவனில் ஏறி இரவு இறங்குவேன். ஸ்டேஷன் பக்கம் நல்ல லாட்ஜ், நம்பிக்கையான வீட்டு புரோக்கர் தெரிந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.