‘கிளாக் டிரிஃப்ட்’: பிந்தலா, விலகலா, பிசகா?

வணக்கம். பாலக்காட்டு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழி மாணவர்களுக்கான கணினிக் கையேட்டில், கடிகாரப் பகுதி ‘டிரிஃப்ட்’டுக்கு, அதாவது கணினிக் கடிகாரம் நாளாக நாளாகச் சிறிது சிறிதாகத் தப்பிப்போவதற்கு, சொல் இல்லாமல் நிற்கிறது. வரைவில் ‘நேர விலகல்’ என்றிருக்கிறது. விலகல் என்றதும் மாணவர்களுக்கு ஒளிவிலகல்தான் நினைவுக்கு வரும். ‘நேரப் பெயர்ச்சி’ என்றால் சனிப்பெயர்ச்சிக்குப் பரிகாரம் கேட்பார்கள். ‘பிந்தல்’ போதாதா? கடிகாரம் பிந்துகிறது என்று எல்லாரும் சொல்வதுதானே.

----

பிந்தல் பாதிதான் ஐயா. தாய்ப்பலகைக் கடிகாரத்துக்குத் துடிப்புத் தருவது நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். வழக்கமான படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை இரு பக்கமும் பிழை இருக்கலாம். அதாவது நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய 52 நொடி. அது முந்தவும் செய்யும், பிந்தவும் செய்யும்.

உங்கள் சொல் வெப்பத்துக்கு மட்டும் பொருந்தும். இந்தப் படிகம் 25 டிகிரியில்தான் வேகமாக அதிரும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும், வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. பாலக்காட்டு மேடமாத வெயிலில் பெட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்தால், 20 × 20 × 0.034 (இந்தப் படிகத்துக்கான வெப்பக் கெழு) = பத்து லட்சத்துக்கு 13.6 பங்கு. நாளுக்கு 1.2 நொடி பிந்தும். குளிரூட்டிய அறைக்கு மாற்றினால் அந்தப் பங்கு போய்விடும். படிகத்தின் சொந்தப் பிழை அப்படியே இருக்கும்.

----

இங்கே இரண்டு பொருள் கலக்கிறது அண்ணா. இந்த நொடியில் கடிகாரம் எவ்வளவு தப்பாக இருக்கிறது என்பது ஒன்று, ‘ஆஃப்செட்’. அந்தத் தப்பு எந்த வேகத்தில் கூடுகிறது என்பது வேறு, ‘டிரிஃப்ட்’. பழுது பார்ப்பவர் இதைப் பிரித்தே ஆக வேண்டும்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்த கணினியில் நேரம் சரியாக 5 மணி 30 நிமிடம் தப்பினால் அது டிரிஃப்ட் அல்ல. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொதுநேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. காலை 10 மணிக்கு 4.30 காட்டும். தாய்ப்பலகைப் பேட்டரியை மாற்றினால் ஒன்றும் நடக்காது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யூனிவர்சல்’ மதிப்பை 1 ஆக்க வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘ஒரு நிமிடம் பிசகாமல் வந்தான்’ என்று நம் பேச்சிலேயே இருக்கிறது. முந்தினாலும் பிந்தினாலும் பிசகுதான். ஆஃப்செட்டுக்கு ‘நேரப்பிசகு’, டிரிஃப்ட்டுக்கு ‘பிசகு வீதம்’.

----

பிசகு நல்ல சொல், ஆனால் எல்லையில் ஒரு சிக்கல் இருக்கிறது அக்கா. மலையாளத்தில் ‘பிசகு’ என்றாலே பிழை. மலையாள இடைமுகத்தில் பிழைச்செய்தியின் தலைப்பில் அதைப் பார்த்துப் பழகிய பையன், ‘பிசகு’ என்றதும் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைப்பான். நாளுக்கு ஒரு நொடி தப்புவது பழுதல்ல, படிகத்தின் இயல்பு. தனியாக ‘பிசகு’ என்று எங்கும் எழுதாமல், ‘நேர’ என்ற முன்னொட்டைக் கட்டாயமாக்கினால் ஒத்துக்கொள்கிறேன். ‘பிசகு வீதம்’ பாடப்புத்தக வாடை அடிக்கிறது. நாட்குறிப்பு, நாட்காட்டி போல ‘நாட்பிசகு’ என்றால் என்ன?

----

நாட்பிசகு பிடித்திருக்கிறது. அலகும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு என்பது நாளுக்கு 0.0864 நொடி, ஒரு பெருக்கலில் மாற்றிவிடலாம்.

சொல் தாங்குகிறதா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“முதலில் கணினியை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கி ஓர் இரவு வையுங்கள். காலையில் தேதி பழைய ஆண்டுக்குப் போயிருந்தால் அது நாட்பிசகு அல்ல, தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். ‘+’ குறியிட்ட பக்கம் மேலே இருக்கட்டும். மாற்றியதும் தேதியைக் கையால் வையுங்கள்: தனிக் கணினியில் நேரப்பிசகு 15 மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸ் இயல்பமைப்பில் தானாகத் திருத்தாது. தேதி தப்பாக இருக்கும்வரை பாதுகாப்பான இணையதளங்களும் சான்றிதழ்ப் பிழை என்று திறக்க மறுக்கும். தேதி சரியாக இருந்து சில நொடிகள் மட்டும் தப்பினால் அதுவே நாட்பிசகு. இணைய நேர ஒத்திசைவு நடக்கிறதா என்று பாருங்கள். நேரச் செய்திகள் வந்துபோகும் யுடிபி 123ஆம் வாயிலை ரவுட்டர் அடைத்திருந்தால் ஒத்திசைவு நடக்காது.”

இதில் ‘டிரிஃப்ட்’டைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு திருத்தம் மட்டும்: கணினி ஓடும்போது நேரத்தைக் காப்பது இயங்குதளம், அந்தப் படிகம் அல்ல. தொடங்கும்போதுதான் படிகக் கடிகாரத்தைப் படிக்கிறது. ஆகவே ‘அணைந்திருந்தபோது நாட்பிசகு’, ‘ஓடும்போது நாட்பிசகு’ என்று இரண்டையும் தனித்தனியாக அளக்கச் சொல்ல வேண்டும். அடுத்த வரைவில் சேர்க்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘கிளாக் டிரிஃப்ட்’ என்று போடலாம், பிறகு வேண்டாம்.