டாங்க் நிரப்பச் சொன்ன ஃபோர்வேர்ட்

குழு: கோண்டாவில் வீட்டார்
15 ஜூன் 2025, ஞாயிறு

அம்மா, காலை 7:12
(முன்னனுப்பப்பட்டது) அவசரம்!! ஈரானில் சண்டை. உலகத்தில் எண்ணெய் முடியப் போகிறது. இன்றே டாங்கை நிரப்புங்கள். எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள்.

அம்மா, 7:13
பிள்ளைகள், உண்மையோ? சந்திப் பெற்றோல் செட்டில் இப்பவே லைன் நிற்கிறதாம்.

பெரியமாமா, 7:20
தங்கச்சி, இதை இனி ஒரு குழுவுக்கும் அனுப்பாதே. வெள்ளிக்கிழமை இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது உண்மை. மசகு எண்ணெய் விலை அன்றைக்கே ஏழு வீதம் அளவில் ஏறியதும் உண்மை. உலகம் எரிக்கிற எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு ஈரானை ஒட்டிய ஹோர்முஸ் நீரிணையால் போகிறது, அதனால் பயம். ஆனால் "முடியப் போகிறது" என்ற கதையை நான் பள்ளிக்கூடம் போன நாளில் இருந்து கேட்கிறேன்.

பெரியமாமா, 7:24
1956-இல் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் இருந்த ஹபர்ட் என்ற புவியியலாளர், அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970 அளவில் உச்சிக்கு ஏறி இறங்கும் என்றார். 1970-இல் அப்படியே நடந்தது. எத்தனை ஏ.எல். வகுப்புக்கு அந்த வளைகோட்டைக் கரும்பலகையில் கீறியிருப்பேன்!

கண்ணன் அண்ணா, 7:31
மிச்சத்தையும் சொல்லுங்கோ மாமா 😄 எண்ணெய் அடைபட்டுக் கிடக்கிற ஷேல் பாறையை உடைத்து எடுக்கத் தொடங்கி, 2018-இல் அமெரிக்கா அந்த 1970 உச்சியைத் தாண்டிவிட்டது.

பெரியமாமா, 7:36
தாண்டியது, மனுசன் செத்து 29 வருடம் கழித்து. விலை ஏறினால் முன்பு தொடாத பாறையையும் தொடுவார்கள். அது அவர்கள் கணக்கு. எங்கள் கணக்கு வேறு. 2022 மே மாதம் நினைவிருக்கா? பெற்றோல் கப்பல் ஒன்று மார்ச் 28-இல் இருந்து கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. காசு கட்ட டொலர் இல்லை என்று அமைச்சரே சொன்னார். உலகச் சந்தையில் எண்ணெய் இருந்தது. எங்களுக்குத்தான் முடிந்திருந்தது.

நான், 7:40
ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் பங்கீடு வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நான் வேலைக்கு லுமாலா சைக்கிளில் போய் மெலிந்த காலம்.

அம்மா, 7:52
உங்களுக்கு 4 லீற்றராவது கிடைத்தது. 90-களில் யாழ்ப்பாணத்துக்குத் தடை போட்ட நேரம் பெற்றோலைக் கண்ணால் காணவில்லை. அப்பா எம்டி 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினார். ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் தங்கம் மாதிரி வைத்திருப்பார். அதில் நாலு துளியைக் காபரேற்றருக்குள் விட்டு உதை உதை என்று உதைத்தால் ஸ்டார்ட் வரும். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். ஒழுங்கை முழுக்கப் புகை. சேட்டை எத்தனை தரம் தோய்த்தாலும் அந்த மணம் போகாது.

ஒஸ்லோ மாமா, 11:15
இப்பதான் எழும்பினேன். இங்கே நோர்வேயில் எண்ணெய் லைன் என்ற பேச்சே இல்லை. போன வருடம் விற்ற புதுக் காரில் நூறுக்கு 89 மின்சாரக் கார்.

கண்ணன் அண்ணா, 11:17
வடகடலில் எண்ணெய் எடுத்து உலகத்துக்கு விற்றுவிட்டு நீங்கள் சுத்தமாக ஓடுகிறீர்கள். நல்ல வசதி, மாமா.

ஒஸ்லோ மாமா, 11:26
அதை மறுக்கவில்லை. ஆனால் வரிசையைப் பார். எகோஃபிஸ்க் எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது 1969. எண்ணெய் உற்பத்தி உச்சிக்குப் போனது 2001. அந்த உச்சிக்கு முன்பே, 1990-இல், எண்ணெய்க் காசைச் சேர்த்து வைக்கிற நிதியத்துக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். 1996-இல் முதல் காசு. எண்ணெய்க் கம்பனிகளின் இலாபத்தில் 78 வீதம் வரி. நிதியத்தில் இருந்து வருடத்துக்கு 3 வீதம் அளவில்தான் அரசாங்கம் எடுக்கலாம். முதலில் 4 ஆக இருந்ததை 2017-இல் அவர்களே குறைத்தார்கள். மின்சாரக் காருக்கு வரிச் சலுகையும் 90-களிலேயே தொடங்கியது.

ஒஸ்லோ மாமா, 11:29
இன்னொன்று தெரியுமா? அந்த எண்ணெய்க் கொள்கையை வகுத்தவர்களில் ஒருவர் ஈராக்காரர், ஃபாரூக் அல்-காசிம். 1968-இல் மகனின் வைத்தியத்துக்காகக் குடும்பத்தோடு வந்தவர். வேலை கேட்டு அமைச்சுக்குப் போனார், பிடித்து வைத்துக்கொண்டார்கள். வந்தேறி ஒருவர் சொன்னதை அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள்.

பெரியமாமா, 11:41
தம்பி, உங்கள் ஊர் எண்ணெய் விற்ற காசில் எண்ணெயை விடுகிறது. அதோடு ஆற்றுத் தண்ணீரில் வருகிற மின்சாரம் வேறு. வாங்கி எரிக்கிற நாட்டுக்கு அந்த வழி இல்லை. கப்பலில் வருவதைக் குறைப்பது ஒன்றுதான் வழி. இந்த நாட்டில் ஒரு கிலோமீற்றர் ரயில் பாதைக்காவது மின்கம்பி இருக்கா? யாழ்தேவியும் டீசல்தான். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் அகலப் பாதை ஏறக்குறைய முழுவதும் மின்சாரம்.

ஒஸ்லோ மாமா, 11:44
அண்ணா, விலையை உள்ளபடி வைத்தாலே சனம் தானாகக் குறைக்கும்.

அம்மா, 11:47
தம்பி, 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயை லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340-க்கு ஏற்றினார்கள். எங்களுக்கு மீன் கொண்டுவருகிற பெடியன் அதோடு தன் மண்ணெண்ணெய்ப் படகை இழுத்துக் கரையில் போட்டான். அவன் எதைக் குறைக்கிறது? உன் ஊரில் காருக்குச் சலுகை கொடுத்தார்கள். இவனுக்கு என்ன கொடுத்தார்கள்?

ஒஸ்லோ மாமா, 11:48
🙏

மச்சாள் (நெடுந்தீவு), 12:05
மாமி சொன்னது சரி. அப்பா, ரயிலை விடுங்கோ. நான் படிப்பிக்கிற தீவில் லைட் எரிவதே டீசல் ஜெனரேற்றரில். அந்த டீசலும் கடல் தாண்டி வர வேணும். காற்று அங்கே குடை பிடிக்க விடாது, வெயில் கேட்கவே வேண்டாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சோலாரும் காற்றாலையும் போடுகிற வேலை முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியாவுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் இந்தியா 1.1 கோடி டொலர் மானியம் என்று சொல்லி, 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பெரிய ஆட்கள் இழுபட்ட காலம் முழுக்க ஜெனரேற்றர் தன்பாட்டுக்கு டீசல் குடித்தது.

மச்சாள் (நெடுந்தீவு), 12:06
கண்ணன் அத்தான், சோலார் போட்ட ஆட்களையும் பிறகு ஏன் அணைக்கச் சொல்கிறார்கள்?

கண்ணன் அண்ணா, 12:20
பெப்ரவரி 9, பாணந்துறை மின் துணைநிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அந்தக் கதைதான். எல்லோரும் குரங்கைப் பகிடி பண்ணினார்கள். அன்று ஞாயிறு, பாவனை குறைவு, வெயிலுக்குச் சோலார் நிறைய உள்ளே வந்திருந்தது. பெரிய டர்பைன்கள் சுழன்றால் ஒரு அடியைத் தாங்கும் பலம் மின் வலையமைப்புக்கு இருக்கும். அன்று அது போதவில்லை. அந்தப் பயத்தில்தான் சித்திரைப் புத்தாண்டுக்குப் பகலில் கூரைச் சோலாரை அணைக்கச் சொன்னார்கள். 2030-இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கது என்று இலக்கு. பெரிய பற்றறி போடாமல் அது வராது. பகலில் சும்மா கிடைப்பதை அணைத்துவிட்டு, இரவில் கப்பலில் வந்த நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கிறோம்.

பெரியமாமா, 12:24
அதையும் டொலர் கொடுத்து.

நான், 12:30
அண்ணா, அப்போ எங்கள் வீட்டுக்குப் பற்றறியோடு சோலார் போட எவ்வளவு காசு முடியும்? குழுவில் போடாதே, தனியாக அனுப்பு. அம்மா பார்த்தால் வேண்டாம் என்று நிற்பா.

அம்மா, 12:31
பார்த்துவிட்டேன்.

ஒஸ்லோ மாமா, 12:33
பாதி நான் தருகிறேன். மீன்காரப் பெடியனைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டதற்குத் தண்டம் 😅

மச்சாள் (நெடுந்தீவு), 12:40
யாராவது குறிகாட்டுவான் பக்கம் கேட்டுச் சொல்லுங்கோ, நாளைக் காலை குமுதினிப் படகு ஓடுமா? டீசல் லைன் அது இது என்று நின்றால் அதிபருக்கு இன்றைக்கே அறிவிக்க வேணும்.

நான், 12:58
கேட்டேன். ஓடுமாம். நேரத்தோடு போகட்டாம், சனம் கூடவாம்.