மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பச்சைப் படலம்: டிஏபி மூட்டையில் 23 கிலோவா, 10 கிலோவா?

அஸ்தம்பட்டி வேதியியல் ஆசிரியர்:
மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பாசி படர்ந்து நாற்றம் எடுப்பது பற்றி 'நீர்க்காவலன்' நேற்று இங்கே எழுதியதைப் படித்தேன். டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தின் ஒரு மூட்டையில் பாசிக்குத் தீனியான பாஸ்பரஸ் 23 கிலோ இருக்கிறது, நிரம்பிய அணையைப் பச்சையாக்க 3,450 மூட்டை போதும், ஆகவே முதல் குற்றவாளி உழவர்தான் என்பது அவருடைய வாதம். முப்பது ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்தியவன் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது. மூட்டையில் 46 என்று அச்சிட்டிருப்பது மணிச்சத்தின், அதாவது உர வழக்கில் பாஸ்பரஸ் சத்தின், சதவீத அளவு. அதைப் பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டு எழுதுவது உரத் தொழிலின் நெடுநாள் வழக்கம். அந்த ஆக்சைடின் 142 பங்கு எடையில் பாஸ்பரஸ் 62 பங்குதான். மீதி 80 பங்கும் ஆக்சிஜன். அந்தக் கணக்கில் 50 கிலோ மூட்டையில் இருக்கும் பாஸ்பரஸ் 10 கிலோ மட்டுமே.

நீர்க்காவலன்:
ஐயாவின் பாடத்திற்கு நன்றி. 50 கிலோவில் 46 சதவீதம் 23 கிலோ என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி, அதாவது ஏறத்தாழ 265 கோடி கன மீட்டர். லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் சேர்ந்தாலே ஏரிகளில் பாசி பெருகத் தொடங்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அணை முழுமைக்கும் அது 79 டன். 23ஆல் வகுத்தேன், 3,450 வந்தது. இதில் எந்த இடம் தவறு?

அஸ்தம்பட்டி வேதியியல் ஆசிரியர்:
79 டன் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. நீங்கள் வகுத்த எண்தான் தவறு. 10ஆல் வகுத்தால் 7,900 மூட்டை வரும். குற்றத்தை ஒரே வரியில் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கி உழவர் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள்.

ஓமலூர் வாசகி:
இருவரும் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தினால் நல்லது. பாஸ்பரஸ் என்று இங்கே சொல்வது தனிமத்தையா, பாஸ்பேட்டையா, நீரில் கரைந்ததை மட்டுமா, வண்டலோடு ஒட்டி வருவதையும் சேர்த்தா? அதை வரையறுக்காமல் பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு எப்படிப் புரியும்?

பண்ணவாடி விவசாயி:
3,450 என்றாலும் 7,900 என்றாலும் பழி எங்கள் மேல்தானா? நீர் வடிந்த காலத்தில் நீர்ப்பிடிப்பு நிலத்தில் பயிர் செய்கிறவன் நான். நீர் விட்டுச் சென்ற வண்டலே எங்களுக்கு உரம். அந்த மண்ணில் நான் டிஏபி மூட்டையைப் பிரித்ததே இல்லை. பெங்களூரின் கழிவுநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து சங்கமத்தில் காவிரிக்கும் வந்து சேர்வதைப் பற்றி நீர்க்காவலன் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி நின்றதை ஊரே பார்த்ததே, அந்த நுரையும் எங்களிடம்தானே வருகிறது?

நீர்க்காவலன்:
பெல்லந்தூர் ஏரியின் நீர் தென்பெண்ணைக்குப் போகிறது, ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு. காவிரிக்கு அது வருவதே இல்லை. நிலவியல் அறியாமல் அண்டை மாநிலத்தின் மேல் பழி போடுவது எளிது. மூட்டையில் 46 இருக்கிறது என்பதை மட்டும் யாராலும் மறுக்க முடியவில்லை.

பண்ணவாடி விவசாயி:
பெல்லந்தூர் பற்றி நான் சொன்னது தவறாகவே இருக்கட்டும், விருஷபாவதி பற்றிச் சொன்னது தவறா? அதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்கள். சென்ற ஆண்டு திருமணிமுத்தாறு பற்றி எழுதியபோதும் சாயப்பட்டறையை விட்டுவிட்டு வயலைத்தான் பிடித்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

அஸ்தம்பட்டி வேதியியல் ஆசிரியர்:
விவசாயி அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு மனிதனின் மலமும் சிறுநீரும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ அரை கிலோ பாஸ்பரஸை வெளியேற்றுகின்றன. அதாவது இருபது பேரின் ஓராண்டுக் கழிவு ஒரு டிஏபி மூட்டைக்குச் சமம். நீர்க்காவலனின் 23 கிலோவை எடுத்துக்கொண்டால் நாற்பத்தாறு பேர் தேவைப்படுவார்கள். பாருங்கள், அந்த ஒரு எண் பிழையானதால் நகரத்தின் பங்கு பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. இது வெறும் வாய்ப்பாட்டுத் தகராறு இல்லை என்பதற்காகத்தான் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மேலும், வயலில் இட்ட பாஸ்பரஸ் அப்படியே ஆற்றுக்கு ஓடிவிடுவதில்லை. நம் செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அது ஆற்றை அடைவது பெரும்பாலும் மழை மண்ணை அரித்துச் செல்லும்போதுதான். சாக்கடையில் வருவதோ பெரும்பாலும் கரைந்த நிலையில் வருகிறது, பாசி அதை உடனே உண்டுவிடும். அமெரிக்காவில் வாஷிங்டன் ஏரிக்கு வந்துகொண்டிருந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாக வேறு பக்கம் திருப்பினார்கள், ஏரி தெளிந்தது. அங்கே எந்த உழவரையும் யாரும் குறை சொல்லவில்லை.

நீர்க்காவலன்:
அதே அமெரிக்காவின் ஈரி ஏரியை ஐயா வசதியாக மறந்துவிட்டார். 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரத்தாரைக் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. நீலப்பச்சைப் பாசியின் நச்சு குடிநீரில் கலந்திருந்தது. அந்தப் பாசிக்குத் தீனி போட்டதில் மௌமி ஆறு வயல்களிலிருந்து சுமந்து வந்த பாஸ்பரஸுக்கே பெரும் பங்கு. மண் பிடித்துக்கொள்ளும் என்கிறீர்கள். பிடித்த மண்ணே அரித்து அணைக்குள் வந்துவிட்டால் என்ன ஆகும்?

அஸ்தம்பட்டி வேதியியல் ஆசிரியர்:
கேட்டதால் சொல்கிறேன். அடிநீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்பு பாஸ்பேட்டை விடாது. ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு வேறு நிலைக்கு மாறிக் கரைகிறது, பிடித்திருந்த பாஸ்பேட்டும் நீருக்குள் விடுபடுகிறது. செத்த பாசி அடியில் அழுகும்போது ஆக்சிஜன் தீர்கிறது. அதனால் பாஸ்பரஸ் எழுகிறது. அதை உண்டு மீண்டும் பாசி வளர்கிறது. நைட்ரஜனின் ஒரு பகுதியாவது வாயுவாகிக் காற்றுக்குத் திரும்பும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை. நீரோடு வெளியேற வேண்டும், அல்லது சேற்றில் புதைய வேண்டும். பாசியின் மேல் நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பதால் நாற்றம் குறையலாம். ஆனால் ஒரு கிராம் பாஸ்பரஸ்கூட அணையை விட்டுப் போகாது.

நீர்க்காவலன்:
ஆக, வயல் மண்ணோடு வந்த பாஸ்பரஸ் அணையில் விடுபடுகிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஒரு மூட்டைக்கு 23 கிலோ வீதம்.

அஸ்தம்பட்டி வேதியியல் ஆசிரியர்:
10 கிலோ வீதம். அதுவும் பயிர் எடுத்ததும் மண்ணில் தங்கியதும் போக.

கன்னங்குறிச்சி இல்லத்தரசி:
உரத்தையும் சாக்கடையையும் பேசுகிறவர்கள் துணி துவைக்கும் தூளைப் பற்றி ஏன் பேசுவதில்லை? பாஸ்பேட் சேர்த்த தூள்கள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரிகளில் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையிலேயே குவித்துவிட்டுச் சுத்தம் செய்துவிட்டோம் என்று படம் போடுகிறார்கள். மழை வந்தால் அழுகிய குவியலின் சத்து முழுவதும் மறுபடி ஏரிக்குள்தானே வடியும்? வெளியே கொண்டுபோய் மட்க வைத்து வயலுக்கு இட்டால் உர மூட்டையும் குறையும்.

நீர்க்காவலன்:
கரையில் குவிப்பதைக் குறை சொல்கிறவர்கள் ஒரு நாளாவது இடுப்பளவு சேற்றில் இறங்கி அள்ளியதுண்டா? நான் இறங்கியிருக்கிறேன். வண்டிக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கன்னங்குறிச்சி இல்லத்தரசி:
நானும் இறங்கியிருக்கிறேன். என் கேள்வி உங்கள் உழைப்பைப் பற்றியது அன்று, குவியலைப் பற்றியது.

அஸ்தம்பட்டி வேதியியல் ஆசிரியர்:
அம்மா சொல்வது முற்றிலும் சரி. இந்தச் சுழற்சியை உடைக்க வேண்டுமானால் எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று முதலில் சரியாக எடைபோட வேண்டும். 1973இல் கனடாவின் ஒன்டாரியோ பகுதியில் 226 என்ற எண்ணுடைய ஏரியை நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பாசியால் பச்சையாகிவிட்டது. எதை எவ்வளவு சேர்த்தோம் என்று அளந்து வைத்திருந்ததால்தான் அந்த முடிவை உலகம் ஏற்றது. அளவு தவறியிருந்தால் அது வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும்.

பண்ணவாடி விவசாயி:
கனடாவுக்குப் போய்விட்டீர்கள். விருஷபாவதிக்கு இன்னும் பதில் வரவில்லை.

நீர்க்காவலன்:
இன்று செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் டிஏபி மூட்டையைப் படம் எடுத்துவந்து கீழே போட்டிருக்கிறேன். தழைச்சத்து (நைட்ரஜன்) 18, அடுத்து 46. யார் வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பாருங்கள்.

அஸ்தம்பட்டி வேதியியல் ஆசிரியர்:
பெரிதாக்கிப் பார்த்தேன். மூட்டையின் முன்பக்கம் மட்டும்தான் படத்தில் இருக்கிறது. அந்த 46 எந்தச் சேர்மத்தின் அளவு என்று விவரம் அச்சிட்டிருக்கும் பக்கத்தையும் எடுத்துப் போடுங்கள்.

நீர்க்காவலன்:
நாளையே போடுகிறேன். அதிலும் 46தான் இருக்கும்.