மறுமொழி: ‘கையடக்கப் பேனா’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

> எந்நேரமும் சட்டைப்பையில் கிடக்கும் சின்னப் பேனாவுக்குக் ‘கையடக்கப் பேனா’ போதாதா?

போதாது ஐயா. நம் நாட்டில் கையடக்கம் என்றாலே தொலைபேசிதான். அதை விட்டாலும், எழுதும்போது இந்த வகைப் பேனா கைக்கு அடங்குவதே இல்லை. பால் ஃபிஷர் 1948இல் வடிவமைத்த துப்பாக்கி ரவை போன்ற பேனாவைப் பாருங்கள். மூடியிருக்கும்போது 3¾ அங்குலம். மூடியைக் கழற்றி அப்படியே எழுதினால் பீடித்துண்டைப் பிடித்த மாதிரி இருக்கும். அதே மூடியைப் பின்னால் மாட்டினால் 5¼ அங்குலத்துக்கு மேல் நீண்டு முழுப் பேனாவாகிவிடும். சொல்லில் வர வேண்டியது இந்த வேலைதான், அளவு அல்ல.

தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வெளிக்கள வேலையில் இருப்பவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கும்போது மிஸ்ட் இறங்கினால் கொப்பித் தாள் அப்பளம் மாதிரி நமுத்துவிடும். ஊற்றுப் பேனா மை அதில் ஊறிப் பரவும். 16 கிலோவை யாராவது 10 என்று வாசித்தால் கொழுந்து பறித்த ஒருத்திக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) தான் விழும், விளையாட்டில்லை. போதாததற்கு, கொழும்பிலிருந்து ரயிலில் பாதி மை இருந்த ஊற்றுப் பேனாவோடு நானுஓயாவுக்கு ஏறினேன். மேலே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். வெள்ளைச் சட்டை போயே போனது. நிப்பை மேல்நோக்கி வைத்திருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது நைதரசன் அழுத்தத்தில் மை தள்ளும் குழல் போட்ட குமிழ்முனைப் பேனாதான். ஈரத் தாளிலும் எழுதுகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். முதலில் எனக்குப் பிடித்தது ‘மடிப்பேனா’. வெற்றிலையும் சில்லறையும் மடியில் முடிந்துகொள்ளும் ஊர் நம்முடையது. ஆனால் கேட்ட நாலு பேரில் மூன்று பேர் “மடக்குற பேனாவா?” என்றார்கள். மடிகின்ற பேனா என்றால் வினைத்தொகையில் ‘மடிபேனா’ என்றுதான் வரும், ப் மிகாது என்று நான் இலக்கணம் பேசலாம். பேசித்தான் புரிய வைக்க வேண்டும் என்றால் அந்தச் சொல் தேறாது.

சொல் கிடைத்தது நிறுவையடியில். கைரேகை வைக்காமல் தானே கையெழுத்துப் போடும் அக்கா ஒருவர், கூடையை இறக்கிவிட்டு இடுப்பில் கட்டிய படங்கில் கையைத் துடைத்தபடி, “அந்தச் செருகுற பேனாவக் குடுங்க ஐயா” என்றார். வாங்கியதும் மூடியைக் கழற்றி வாலில் செருகினார். எனக்குச் சட்டென்று பட்டது.

என் முன்மொழிவு: செருகுபேனா. இது வினைத்தொகை. செருகிய, செருகுகின்ற, செருகும் எல்லாம் அடங்கும். மூடியைப் பின்னால் மாட்டுவதற்குப் ‘பின்செருகல்’ என்று கூடவே போட்டுவிடலாம்.

எந்த மூடிப் பேனாவையும் பின்னால் செருகலாமே என்று கேட்பீர்கள். செருகலாம், ஆனால் அவற்றைச் செருகாமலும் எழுதலாம். இது செருகினால்தான் பேனா. மூடியே இல்லாமல் பொத்தான் அமுக்கி எழுதும் குட்டிப் பேனாக்களுக்கு இந்தச் சொல் செல்லாது. அவற்றைக் ‘குறும்பேனா’ என்று தனியே பதியலாம்.

யாருக்காவது மறுப்பிருந்தால் எழுதட்டும். இங்கே மழை பிடித்துவிட்டது, கரண்ட் போகுமுன் அனுப்புகிறேன்.