பாலஸ்தீன விடுதலை இயக்கமான ஃபத்தா பிறந்தது 1959-லா, 1965-லா?

நெய்தல்: "1965 ஜனவரி 1-ல்தான் ஃபத்தா பிறந்தது" என்று நேற்று ஒருவர் இங்கே அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1959-லேயே பெய்ரூத்திலிருந்து அவர்களுடைய 'ஃபலஸ்தீனுனா' பத்திரிகை வந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் குவைத்தில் வேலை பார்த்த இயக்க நிறுவனர்கள் அரஃபாத்தும் கலீல் அல்-வஸீரும். பிறக்காத பிள்ளை பத்திரிகை நடத்துமா?

கீழவாசல்: சொன்னது நான்தான். வருஷா வருஷம் ஜனவரி 1-ல் ஆண்டுவிழா கொண்டாடுவது அந்த இயக்கத்துக்காரர்களே. அவர்கள் பிறந்தநாள் அவர்களுக்குத் தெரியாதாம், இவருக்குத் தெரியுமாம்!

நெய்தல்: 1965 ஜனவரி 1-ல் முதல் தாக்குதலை அறிவித்த அறிக்கையில் ஃபத்தா என்ற பெயரே இல்லை சார். 'அல்-ஆஸிஃபா', அதாவது புயல் என்று போட்டார்கள். காரியம் கெட்டால் இயக்கத்தின் பெயர் கெடக்கூடாது என்று ஒளித்தார்கள். ஒளிப்பதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது என்றுதானே அர்த்தம்? 1959.

கீழவாசல்: பத்திரிகை போட்டால் இயக்கமா? துப்பாக்கி தூக்கிய நாள்தான் கணக்கு. 1965.

யாழினி: எந்தத் துப்பாக்கி? தாக்கக் கிளம்பிய முதல் குழுவைக் காஸாவிலேயே, அப்போது அதை ஆண்ட எகிப்துக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். இஸ்ரேலின் தண்ணீர்க் கால்வாயில் வைத்த குண்டும் வெடிக்கவில்லை. 1968 மார்ச் 21, ஜோர்தானின் கராமேயில் இஸ்ரேல் படையோடு நடந்த சண்டைக்குப் பிறகுதான் ஊர் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

கீழவாசல்: கராமேயில் அடித்தது ஜோர்தான் பீரங்கிப் படை. பெயரைத் தட்டிச் சென்றது ஃபத்தா.

யாழினி: பின்வாங்காமல் அங்கேயே நின்று செத்தவர்களை ஒரு வரியில் துடைத்துப் போடாதீர்கள்.

நெய்தல்: பேச்சு கராமே இல்லை, 1959. கலீல் அல்-வஸீர் 1948-ல் ரம்லாவிலிருந்து துரத்தப்பட்டபோது பன்னிரண்டு வயதுப் பையன். காஸாவில் அகதியாக வளர்ந்து, குவைத்தில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே கட்டிய அமைப்பு இது. அத்தனை வருட உழைப்பை ஒரு தேதியால் அழிப்பீர்களா?

கீழவாசல்: இவர்தான் போன மாதம் பாலஸ்தீன விடுதலை அமைப்பான பி.எல்.ஓ.வைத் தொடங்கியது அரஃபாத் என்று எழுதியவர். 1964-ல் முதல் தலைவர் அஹ்மத் ஷுகைரி என்று நான்தான் திருத்தினேன்.

நெய்தல்: 1969-ல் தலைமைக்கு வந்தார் என்றுதான் எழுதினேன். பழைய பதிவு அப்படியே இருக்கிறது, போய்ப் படியுங்கள்.

மணல்மேடு: முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். அரபியில் 'ஃபத்ஹ்'. இயக்கப் பெயரின் முதலெழுத்துகளை நேராகச் சேர்த்தால் 'சாவு' என்று வரும். அதனால்தான் திருப்பிப் போட்டு 'வெற்றி' ஆக்கினார்கள்.

யாழினி: தமிழ்ப் பேப்பர்களில் பார்த்துப் பழகியது ஃபத்தாதான்.

நெய்தல்: எழுத்துச் சண்டை அப்புறம். 1965-ல் பிறந்த பிள்ளைக்கு 1959-ல் பத்திரிகை எங்கிருந்து வந்தது? இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கீழவாசல்: சொல்லியாகிவிட்டது. ஜனவரி 1.