ஏற்காடு இறக்கமும் நாமே பிரித்துப் பூட்டிய வண்டிகளும்

கோரிமேடு ஆர்எக்ஸ்

ஏற்காடு இறக்கத்தில் என் வண்டி பிடித்து நின்று மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, டூ ஸ்ட்ரோக் வண்டி. பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்து, உள்சுவரைக் கடைந்து போர் போட்டு வாங்கி வந்தேன். புது பிஸ்டன், ரிங், சர்க்கிளிப், கேஸ்கெட் எல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நானே பூட்டினேன். ரிங் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்கிற அளவுத் தகடு வைத்துப் பார்த்தேன். முந்நூறு கிலோமீட்டர் வரை அரை ஆக்சிலேட்டரைத் தாண்டவில்லை. அப்புறம்தான் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஏற்காடு போனேன். ஏறும்போது ஒரு குறையும் இல்லை.

இறங்கும்போது பதினோராவது வளைவைத் தாண்டியிருப்போம். இரண்டாவது கியர், ஆக்சிலேட்டர் முழுதாக மூடியிருந்தது. கிரீச்சென்று ஒரு சத்தம், பின் சக்கரம் அப்படியே பிடித்து இழுத்தது. கை தானாகக் கிளட்சை அழுத்தியது. வண்டி உருண்டு போய் மலைப்பக்கம் ஓரமாக நின்றது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்ஜின் பக்கம் குனிந்து பார்த்தார். முழங்காலில் ஊன்றியிருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பிரித்தால், எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் பிஸ்டனில் நீளநீளமாகக் கோடுகள். போர் இறுக்கமாகப் போட்டுவிட்டீர்கள் என்று லேத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் அளந்து காட்டினார். அளவு சரியாகத்தான் வந்தது, ஆனாலும் நான் நம்பவில்லை. வேறு யாருக்காவது இறக்கத்தில் இப்படி ஆகியிருக்கிறதா?

சூரமங்கலம் புல்லட்

எனக்கு நடந்தது வேறு, ஆனால் அதே மலை. பழைய 350 இரும்பு என்ஜின் புல்லட். ஹெட்லைட் மங்கலாக இருக்கிறதென்று 100 வாட்ஸ் பல்பை வாங்கிப் போட்டேன். அதிகக் கரண்டைத் தனியாகத் தாங்குகிற ரிலே வைக்கவில்லை. பழைய ஒயரிலேயே, ஹேண்டில் பாரில் இருக்கிற சுவிட்ச் வழியாகவே அத்தனை கரண்டும் போனது.

டிசம்பர் மாதம், நாகலூர் பக்கம், இரவு எட்டு மணி இருக்கும். பனி இறங்கிவிட்டது. பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது, அடுத்த நொடி விளக்கு போய்விட்டது. ஒன்றுமே தெரியவில்லை, என் கையே எனக்குத் தெரியவில்லை. காபித் தோட்டத்தில் வேலை முடிந்து போன ஒரு பெரியவர் குரல் கேட்டுத் திரும்பி வந்தார். கையில் டார்ச். "மெதுவா என் பின்னாலயே வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அவர் கால் தெரிகிற அளவுக்குத்தான் வெளிச்சம். அதைப் பார்த்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

செவ்வாய்பேட்டை பட்டறை

கோரிமேடு தம்பிக்கு. எனக்கும் ஒருமுறை நடந்திருக்கிறது, எழுபதுகளின் ராஜ்தூத், குப்பனூர் வழியாக இறங்கும்போது. பிடித்தது, ஆறவைத்து உதைத்தேன், ஓடியது. என் கதை அவ்வளவுதான். ஆனால் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மாதிரிப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயில் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. நீங்கள் ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும். சமதரையில் இது பிரச்சினை இல்லை, என்ஜினும் மெதுவாகிவிடும். மலை இறக்கத்தில் வண்டியின் எடை சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் என்ஜினைச் சுழற்றும். என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆயிலோ சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அலுமினிய பிஸ்டன், வார்ப்பிரும்பு சிலிண்டரைவிட அதிகமாக விரியும். புது பிஸ்டன் என்றால் இன்னும் மோசம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்குக் கீழே தனியாக ஆயில் இருக்கிறது, அதனால் அதில் இந்தக் கவலையே கிடையாது.

எனவே, ஒவ்வொரு வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று தடவை கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை லேசாகத் திருகிவிடுங்கள். கொஞ்சம் ஆயில் உள்ளே போகும். மலை ஏறப் போகிற அன்று ஆயிலைச் சற்றுக் கூடுதலாகக் கலந்துகொள்ளுங்கள். பிளக் கொஞ்சம் கறுக்கும், கறுத்துவிட்டுப் போகட்டும். வீட்டிலேயே போர் வேலை செய்கிறவர்கள் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஓட்டைகளின் (போர்ட்) விளிம்புகளை மென்மையாகத் தேய்க்க வேண்டும், அதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ரிங் அங்கேதான் மாட்டும். என்ஜினைக் கையால் பத்துத் தடவை சுற்றிப் பார்த்த பிறகு ஹெட்டைப் பூட்டுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்காகக் குறுக்காக முடுக்க வேண்டும், ஒரே பக்கமாக முடுக்கினால் ஹெட் வளையும். புல்லட் தம்பிக்கும் சொல்கிறேன், ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃபியூஸ், ரிலே போட்டால் அந்தப் பழைய சுவிட்சே இன்னும் பத்து வருஷம் வரும்.

அயோத்தியாப்பட்டணம்

அண்ணே, கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

என்னுடையது ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்பிளெண்டர், இரண்டு பக்கமும் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக். முன் பிரேக் கட்டையை நானே மாற்றினேன். கட்டையை விரிக்கிற கேமில் கிரீஸ் போட வேண்டும் என்று படித்திருந்தேன், தாராளமாகப் போட்டேன். சேலத்தில் ஒரு வாரம் நன்றாகப் பிடித்தது. மலையில் இறங்கும்போது டிரம் சூடேறி, கிரீஸ் உருகிக் கட்டையில் இறங்கிவிட்டது. நாலாவது வளைவில் லீவர் ஹேண்டில் பார் வரைக்கும் வந்தது, வண்டி நிற்கவில்லை. எதிரே பஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான் வருவதைப் பார்த்த டிரைவர் வளைவுக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது கியர்தான். இரண்டிலிருந்து ஒன்றுக்குத் தட்டினேன், என்ஜின் இழுத்துப் பிடித்தது. அந்த நேரம் கிளட்ச் பிடித்திருந்தால்?

செவ்வாய்பேட்டை பட்டறை

கிளட்சைப் பிடித்துக்கொண்டே இறங்கு என்று நான் எங்கே சொன்னேன்? ஒரு நொடி பிடித்து, திருகி, விடுவது. தாராளமாகக் கிரீஸ் போட்டது உங்கள் தப்பு, கேமுக்கு மெல்லிய பூச்சு போதும். அதோடு இது டூ ஸ்ட்ரோக்குக்கான பேச்சு.

அயோத்தியாப்பட்டணம்

இதைப் படிக்கிற எல்லாரும் அந்த ஒரு நொடியைச் சரியாகப் பிடிப்பார்களா அண்ணே? அதுதான் என் பயம். புதுசாக ஓட்டுகிற பையன்களுக்கு முதல் பாடம் "கியரில் இறங்கு" என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

ஒண்டிக்கடை

கோரிமேடு அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் என் கதை.

எங்கள் வீட்டிலும் ஆர்எக்ஸ் 100தான். அப்பா ஓட்டியது, அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். வண்டி நிற்கும் கொட்டகைச் சுவரில் அப்பா பென்சிலால் எழுதியிருந்தார்: "மேலே 2. கீழே ஒன்றரை." பல வருஷம் எனக்கு அர்த்தம் தெரியாது. கார்புரேட்டரைக் கழுவி மாட்டிய அன்று, காற்றுத் திருகை முழுதாக முடுக்கி அங்கிருந்து எத்தனை சுற்று வெளியே எடுப்பது என்று தெரியாமல் நின்றபோது சுவர் கண்ணில் பட்டது.

நான் இருக்கிற ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் முந்நூறு மீட்டருக்கும் கீழே. இங்கே காற்று மெலிசு. கீழே சரியாக வைத்த வண்டி இங்கே பெட்ரோல் அதிகமாகக் குடித்துப் புகையும், பிளக் கறுக்கும். அதனால் திருகை வெளியே எடுத்துக் காற்றைக் கூட்ட வேண்டும். ஆனால் அதே நிலையில் கீழே இறங்கினால் பெட்ரோல் போதாது, என்ஜின் சூடாகும். ஒருமுறை மாற்றாமலேயே சேலம் அஸ்தம்பட்டி வரை போய்விட்டேன். சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது, இறங்க மாட்டேன் என்றது. பயந்து சாவியை அணைத்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

ஆக்சிலேட்டரை மூடியிருக்கும்போது என்ஜினுக்குப் பெட்ரோல் கொடுக்கிறது கார்புரேட்டரில் ஐடிலுக்கென்று இருக்கிற சின்ன வழி மட்டும்தான். அந்தத் திருகு கட்டுப்படுத்துவதும் அதைத்தான். அண்ணா, அன்றைக்கு மேலே வந்தபோது கார்புரேட்டரைத் தொட்டீர்களா?

கோரிமேடு ஆர்எக்ஸ்

தொட்டேன். ஏரிக்கரையில் டீ குடிக்க நிறுத்தியபோது ஐடிலில் தடுமாறியது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, காற்றுத் திருகை அரைச் சுற்று வெளியே எடுத்தேன். சத்தம் அழகாகிவிட்டது. அப்பாகூட "இப்ப நல்லாருக்கு" என்றார். இத்தனை நாளில் அது நினைவுக்கே வரவில்லை, மேலே எழுதும்போதும் வரவில்லை.

இப்போதுதான் போய் பழைய பிளக்கைத் தேடி எடுத்தேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது.

லேத்துக்காரர் ஆறு மணிக்குக் கடை மூடுவார். கிளம்புகிறேன்.