புதுப்பிப்பு: காரைக்குடி வீட்டுச் சுவரில் ஓதம் நின்றது

80 ஆண்டுப் பழைய எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், தரையிலிருந்து 3 அடி வரை ஓதம் ஏறிப் பூச்சு உதிர்வதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. நீர்த்தடுப்புப் பெயின்ட் 6 மாதம்கூடத் தாங்கவில்லை. பலனளித்தது, பிற்காலத்தில் பூசிய சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஈரத்தை வெளியேற விடும் சுண்ணாம்புக் காரையைப் பூசச் சொன்ன யோசனைதான். செங்கல்லை 2 மாதம் உலரவிட்டு, பூத்திருந்த உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து அகற்றிய பின், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த காரையை 3 அடுக்காகப் பூசினோம். எதிர்பாராத விதமாக, ஒவ்வோர் அடுக்கும் இறுகவே 10 நாளுக்கு மேல் ஆனது. கடுக்காய் வாடையும் எளிதில் போகவில்லை. மேலே பெயின்டைத் தவிர்த்துச் சுண்ணாம்பே அடித்தோம். ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்தும் சுவர் உலர்ந்தே இருக்கிறது.